பானைத் தண்ணீரில் பிறக்காத கொசு

இன்றைய கருத்துக்களத்தில் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு மலேரியா. அதையும் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களை வைத்துப் பேச வேண்டும் என்றார்கள். ஒப்பனை அறையில் இருந்த நண்பர் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். "குளிர் காயப் போகிற ஊர் அது. அங்கே கொசுவே கிடையாதே, நீ என்ன பேசப் போகிறாய்?" என்றார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் அல்ல. பொதுமக்கள் தொடர்புத் துறையில் ஒரு டிப்ளோமா படித்தவள். எழுதிக் கொடுத்ததை ஒலிவாங்கி முன் நின்று பிழையில்லாமல் வாசிப்பது என் தொழில். அப்படி நான் வாசித்த ஓர் அறிவிப்புதான் இந்த உரைக்கே காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் டிங்கிக் காய்ச்சல் பற்றிய ஒரு விழிப்புணர்வு அறிவிப்புக்குக் குரல் கொடுத்தேன். நீங்களும் கேட்டிருப்பீர்கள். வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்க விடாதீர்கள், பானையை மூடி வையுங்கள், பழைய டயரில் தண்ணீர் நிற்க விடாதீர்கள் என்கிற வகை. அது ஒளிபரப்பான அன்று இரவு ரிங்லெட்டிலிருந்து பாட்டி தொலைபேசியில் அழைத்தார். என் குரலைத் தொலைக்காட்சியில் கேட்டுவிட்டால் அவர் அழைப்பது வழக்கம்தான். அன்று பாராட்டு இல்லை. "பாப்பா, நீ சொன்னது சரிதான். எங்கம்மா பானைய மூடாம வச்சுதான் எங்கண்ணன் போயிட்டான்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் கதையைச் சொன்னார். பேராக்கில் மலையடிவாரத்து ரப்பர் தோட்டம் ஒன்று. போருக்குச் சற்று முந்திய காலம். பாட்டிக்கு அப்போது ஐந்து வயது, அண்ணனுக்கு ஏழு. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல் வந்து, வயிறு உப்பி, இரத்தமெல்லாம் வற்றியதுபோல் வெளுத்து அந்தப் பையன் இறந்துபோனான். தோட்டத்து மருந்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, லயத்தின் முன்னால் திறந்து கிடந்த தண்ணீர்ப் பானையைக் காலால் உதைத்துத் தள்ளி, "இப்படி அசுத்தமா இருந்தா பிள்ளை எப்படிப் பிழைக்கும்?" என்று கொள்ளுப்பாட்டியைத் திட்டினாராம். கொள்ளுப்பாட்டி அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். கடைசிவரை வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீரைக்கூட மூடாமல் வைக்க விட்டதில்லை.

அந்தப் பானைக்கும் அந்தக் காய்ச்சலுக்கும் தொடர்பு உண்டா? இதைத் தேடத் தொடங்கியதில்தான் மலாயாவின் மலேரியா வரலாறு எனக்குக் கிடைத்தது.

நம்மில் பலர் டிங்கியையும் மலேரியாவையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம். இரண்டும் கொசுவால் வருவதுதான். ஆனால் கொசு வேறு, கிருமியும் வேறு. டிங்கி ஒரு வைரஸ். அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். பானை, பூச்சாடி, டயர் என்று மனிதன் வைத்த பாத்திரங்களில் முட்டையிடும். மலேரியாவோ பிளாஸ்மோடியம் எனும் ஒட்டுண்ணியால் வருவது. அனாபிலிஸ் இனத்துப் பெண் கொசு அந்தி சாய்ந்த பின்னரும் இரவிலும் கடித்து அதை உடலுக்குள் செலுத்துகிறது. உள்ளே போன ஒட்டுண்ணி முதலில் கல்லீரலில் பதுங்கிப் பெருகும். பிறகு இரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் புகுந்து, அவற்றைத் தின்று, உடைத்துக்கொண்டு வெளியே வரும். அப்படிக் கூட்டமாக உடைத்து வெளிவரும் நேரத்தில்தான் பல் கிட்டும் குளிரும் அதைத் தொடர்ந்து காய்ச்சலும் வருகின்றன. பால்சிபாரம், வைவாக்ஸ் எனும் இரு வகைகளுக்கு இந்தச் சுற்று சுமார் 48 மணி நேரம். மலேரியே என்ற வகைக்கு 72 மணி நேரம். நம் பெரியவர்கள் இதை 'முறைக்காய்ச்சல்' என்றார்கள். முறை வைத்து வருவதை அவர்கள் கவனித்திருக்கிறார்கள் பாருங்கள்.

மீண்டும் மீண்டும் தாக்கினால் இரத்தசோகை வரும். மண்ணீரல் வீங்கும். பையனின் வயிறு உப்பியதன் காரணம் பெரும்பாலும் இதுதான். கர்ப்பிணிப் பெண்களுக்குக் கரு கலையலாம், குழந்தை எடை குறைந்து பிறக்கலாம். பால்சிபாரம் மூளையைத் தாக்கினால் இரண்டொரு நாளில் உயிர் போய்விடும். இதையெல்லாம் விடத் தோட்டத்துக் குடும்பத்துக்கு இன்னொரு அடியும் உண்டு. பெரட்டுக்கு வராதவருக்கு அன்றைக்குச் செக்ரோலில் பேர் இல்லை. பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை. காய்ச்சலில் படுத்தவன் பட்டினியில் எழுந்தான், எழுந்தவன் மறுபடியும் காய்ச்சலில் படுத்தான்.

மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பு 1897ஆம் ஆண்டு வரை உறுதிப்படவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டு 20ஆம் தேதி, செகந்திராபாத்தில் பணியாற்றிய இராணுவ மருத்துவர் ரொனால்ட் ராஸ், நோயாளியின் இரத்தத்தைக் குடித்த ஒரு கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அந்த நோயாளியின் பெயர் உசேன் கான். தன்னைக் கடிக்க விட்ட ஒவ்வொரு கொசுவுக்கும் அவருக்கு ஓர் அணா கூலி கிடைத்தது. ராஸுக்கு 1902இல் நோபல் பரிசு கிடைத்தது. உசேன் கான் அதிர்ஷ்டசாலி என்பேன், பெயராவது நின்றது. அடுத்த கட்டப் பாடம் மலாயாவில் நடந்தது. அதில் உடம்பைக் கொடுத்தவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1901 ஜனவரியில் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்து சேர்ந்தார். ஊரெங்கும் காய்ச்சல். அதே ஆண்டு செப்டம்பரில் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களிலேயே தொழிலாளர்களும் இரயில்வே ஊழியர்களும் வரிசையாகப் படுத்துவிட்டார்கள். துறைமுகத்தைச் சிறிது காலம் மூடவே வேண்டியதாயிற்று. ராஸின் கண்டுபிடிப்பு வெளியாகி நான்கே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வாட்சன் அதை நம்பி ஒரு துணிச்சலான வேலை செய்தார். சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடிய விட்டார். ஊரை ஒட்டிய காட்டை வெட்டினார். கிள்ளான் நகரவாசிகளில் மலேரியாவால் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 1901இல் 334 பேர். 1905இல் 12 பேர். உலகமே திரும்பிப் பார்த்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் பாடம் எளிது: காட்டை வெட்டு, வாய்க்கால் வெட்டு, மலேரியா போய்விடும். அப்போது ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்த காலம். தோட்டங்கள் கடற்கரைச் சமவெளியிலிருந்து குன்றுப் பகுதிகளுக்கு ஏறின. அங்கேயும் அதே சூத்திரத்தைப் பின்பற்றினார்கள். பள்ளத்தாக்குகளில் காட்டை மழித்து, ஓடைகளைச் சுத்தம் செய்து, புல் பூண்டு இல்லாமல் தெளிந்த தண்ணீர் ஓடும்படி செய்தார்கள்.

மலேரியா குறையவில்லை. கூடியது! தோட்டம் எவ்வளவு சுத்தமோ அவ்வளவு சாவு. ஆண்டுக்கு ஆயிரம் தொழிலாளர்களுக்கு இருநூறு பேருக்கு மேல் இறந்த தோட்டங்களும் அந்த நாளில் இருந்தன. ஐந்தில் ஒருவர்! நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, தொற்றுத்தடுப்பு முகாமில் இருந்துவிட்டுத் தோட்டத்துக்கு வந்த மனிதர்கள் அவர்கள். ஓராண்டு முடிவதற்குள் லயத்தில் பாதி காலியானால் துரை என்ன செய்வார்? கங்காணியை மறுபடியும் ஊருக்கு அனுப்புவார்.

வாட்சன் தோட்டம் தோட்டமாகப் போனார். லயத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, வயிற்றைத் தடவிப் பார்த்து, எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று கணக்கெடுத்தார். எந்த லயம் எந்தப் பள்ளத்தாக்கை ஒட்டி இருக்கிறது, அந்தத் தண்ணீரில் எந்தப் புழு இருக்கிறது என்றும் பார்த்தார். விடை மெல்ல மெல்லத் தெளிந்தது. சமவெளியில் நோயைப் பரப்பிய கொசு அனாபிலிஸ் அம்புரோசஸ். அது நிழல் விரும்பி. காட்டுக்குள் தேங்கிய இருண்ட தண்ணீரில் வளரும். காட்டை வெட்டி வெயில் பட்டதும் அது போய்விட்டது. குன்றுகளில் இருந்ததோ அனாபிலிஸ் மாக்குலேட்டஸ். அதற்கு வெயில் வேண்டும். கசிந்தும் சலசலத்தும் ஓடும் தெளிந்த நீர் வேண்டும். காட்டு நிழல் இருந்தவரை அதற்கு அங்கே இடமில்லை. மரத்தை வெட்டி வெயிலைக் கொண்டுவந்ததும், ஓடையைச் சுத்தப்படுத்தியதும் தோட்ட நிர்வாகம்தான். மாக்குலேட்டஸ் கொசுவுக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்தது மாதிரி ஆகிவிட்டது.

இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பாட்டியின் தோட்டம் மலையடிவாரத்தில் இருந்தது. லயத்துக்குப் பின்னால் ஓர் ஓடை ஓடியது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். குளிப்பது, துவைப்பது எல்லாம் அங்கேதான். மாக்குலேட்டஸ் பானையில் முட்டையிடும் கொசு அல்ல. ஓடைக்கரையில், மலைச்சரிவில் நீர் கசியும் இடத்தில், மாட்டுக் குளம்படி அளவுக் குழியில் இருப்பது. கொள்ளுப்பாட்டியின் பானை முழுவதும் திறந்தே கிடந்திருந்தாலும் பையனின் காய்ச்சலுக்கு அது காரணமாக இருந்திருக்காது.

அடுத்த விடுமுறையில் ரிங்லெட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் இதைச் சொன்னேன். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது, காது கொஞ்சம் மந்தம். கேட்டு முடித்துவிட்டு, "அப்ப அவங்களுக்குத் தெரியுமா?" என்றார். யாருக்கு என்று கேட்டேன். "துரைக்கும் டாக்டருக்கும்" என்றார். தெரியும் என்றேன். தெரிந்திருந்தது. வாட்சனின் நூல் 1911லேயே வெளிவந்துவிட்டது; பாட்டியின் அண்ணன் இறந்தது அதற்குச் சுமார் முப்பது ஆண்டுகள் கழித்து. "தெரிஞ்சும் ஏன் அம்மாகிட்ட யாரும் சொல்லல?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அறிவிப்பு வாசிக்கிற தொழிலில் இருப்பவளுக்கு அந்தக் கேள்வி நன்றாகவே உறைத்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டும். தெரிந்த பிறகு எதுவும் செய்யாமல் இருந்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. பள்ளத்தாக்குகளில் மண்ணுக்கு அடியில் குழாய் பதித்து, ஓடை நீரை வெளிச்சம் படாமல் கொண்டுபோனார்கள். அது செலவு பிடித்த வேலை. அது முடியாத இடங்களில் வாரம் ஒருமுறை தண்ணீரின் மேல் எண்ணெய் தெளித்தார்கள். முதுகில் தகரப் பீப்பாயைச் சுமந்துகொண்டு எண்ணெய் அடிக்கும் ஆள் தோட்டத்தில் நிரந்தர வேலையாளானார். 1911இல் மலேரியா ஆலோசனை வாரியம் ஒன்றும் அமைக்கப்பட்டது. எந்தக் கொசு நோய் பரப்புகிறதோ அதை மட்டும் குறிவைக்கும் முறையை உலகம் மலாயாவிடமிருந்து கற்றது. எல்லாம் சரி. ஆனால் நிர்வாகம் பணம் போட்ட தோட்டத்தில் பிள்ளைகள் பிழைத்தன, போடாத தோட்டத்தில் பிழைக்கவில்லை. அதைத் தீர்மானித்தது தாய்மாரின் பானை அல்ல.

இன்னொரு தற்காப்பு கொயினா. காலைப் பெரட்டில் மருந்துக்காரர் முன்னால் நின்று விழுங்க வேண்டும், வாயைத் திறந்து காட்ட வேண்டும். கசப்புக்குப் பயந்து துப்பிவிடுவார்களாம். கொயினா கிடைப்பது சின்கோனா மரப்பட்டையிலிருந்து. அதன் தாய்வீடு தென் அமெரிக்கா. 1860களில் ஆங்கிலேயர் அதை நீலகிரியில் நட்டார்கள். நடுவட்டத்தில் அந்தத் தோட்ட வேலைக்கு யாரை வைத்தார்கள் தெரியுமா? பினாங்கு, சிங்கப்பூர் பக்கமிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகளை. இங்கிருந்து சீனர்கள் தமிழ்நாட்டு மலைக்குப் போய்க் கொயினா மரம் நட்டிருக்கிறார்கள். அங்கிருந்து தமிழர்கள் மலாயா மலைக்கு வந்து கொயினா விழுங்கியிருக்கிறார்கள். எந்த எழுத்தாளரும் இப்படி ஒரு திரைக்கதை எழுதினால் நம்பமாட்டோம்.

இப்போது கேமரன் மலைக்கு ஏறுவோம். வில்லியம் கேமரன் 1885இல் அளந்த மேட்டுநிலம் அது. நாற்பது ஆண்டு கழித்து, 1925இல், ஜார்ஜ் மேக்ஸ்வெல் அங்கே போய்ப் பார்த்துவிட்டு, ஊட்டியைப் போல, நுவரெலியாவைப் போல ஒரு மலைவாசஸ்தலம் ஆக்கலாம் என்று முடிவு செய்தார். வெள்ளைக்காரர்கள் மலைவாசஸ்தலம் தேடியதற்கு வெப்பம் மட்டும் காரணமில்லை, காய்ச்சலுக்குப் பயந்தும்தான். தாப்பாவிலிருந்து சடக்குப் போடும் வேலை தொடங்கி 1930ஐ ஒட்டி முடிந்தது. அந்த வேலையில் தொழிலாளர்கள் பலர் மலேரியாவில் விழுந்தார்கள். மலையின் குளிரும் ஈரமும்தான் காரணம் என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். குளிரில் மலேரியா வராது. தாப்பாவிலிருந்து ஏறும் சடக்கின் கீழ்ப்பகுதி வெப்பமான மலையடிவாரம். சரிவை வெட்டினால் நீர் கசியும். காட்டை நீக்கினால் வெயில் விழும். மாக்குலேட்டஸ் கேட்பது இவ்வளவுதானே?

சடக்கு வேலை நடந்துகொண்டிருந்த 1929இல் ஜே. ஏ. ரசல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ. பி. மில்ன் துணைக்கு இருந்தார். கொழுந்து பறிக்க நம்மவர்கள் வந்தார்கள். சஞ்சிக்கூலி முறை 1910இல் ஒழிந்துவிட்டதால் இவர்கள் கங்காணி முறையில் வந்தவர்கள், அல்லது கீழே ரப்பர் தோட்டங்களிலிருந்து ஏறியவர்கள். போர் முடிந்த பிறகு பாட்டியின் குடும்பமும் அப்படித்தான் ஏறியது. "மேல போனா குளிர்காய்ச்ச வராது" என்று யாரோ சொன்னதை நம்பி.

சொன்னவர் சொன்னது பெரும்பாலும் சரிதான். ஆனால் காரணம் பலருக்குத் தெரியாது. மலையில் கொசு இல்லை என்பதல்ல காரணம். தெளிந்த ஓடைகள், வெயில் படும் சரிவுகள் என்று தேயிலைப் பள்ளத்தாக்கில் எல்லாம் இருக்கின்றன. கொசுவுக்குள் இருக்கும் ஒட்டுண்ணிக்குத்தான் அந்தக் குளிர் ஆகாது. கொசு இரத்தம் குடித்தவுடன் அடுத்தவருக்கு நோயைக் கொடுத்துவிட முடியாது. ஒட்டுண்ணி அதன் வயிற்றில் வளர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர வேண்டும். நம் சமவெளி வெப்பத்தில் அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் போதும். குளிரக் குளிர நாள் நீண்டுகொண்டே போகும். அதற்குள் கொசுவின் ஆயுளே முடிந்துவிடும். சுமார் 18 பாகை செல்சியசுக்குக் கீழே பால்சிபாரம் வளர்வது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. வைவாக்ஸ் சற்றுக் கெட்டி, 15, 16 பாகை வரை தாங்கும். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரம். சராசரி வெப்பம் 18 பாகையை ஒட்டி. அதாவது அந்த ஊர் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ரிங்லெட் அதைவிடத் தாழ்வு, ஆகவே கூடுதல் வெப்பம்.

மேலே வந்த பிறகும் காய்ச்சல் கண்டவர்கள் இருந்தார்கள் என்பாரே பாட்டி, அதற்கும் விளக்கம் கிடைத்தது. வைவாக்ஸ் ஒட்டுண்ணி கல்லீரலில் மாதக்கணக்கில் தூங்கிக் கிடந்து பிறகு எழும். கீழ்த்தோட்டத்தில் வாங்கிய கடிக்கு மலையில் காய்ச்சல் வரும். புதிதாக வந்த கூலிக்குக் காய்ச்சல் என்றால் அதை 'மலைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை' என்று சொல்லிவிடுவார்கள். மறுபடியும் பழி தண்ணீர் மேல்!

போர்க்காலத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அதற்குத் தனி உரை வேண்டும். 1942 மார்ச்சில் ஜப்பானியர் ஜாவாவைப் பிடித்தார்கள். உலகக் கொயினாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஜாவாவிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அதே ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனபோது, அவர்களுக்குக் கொடுக்க மாத்திரை இல்லை. வாந்திபேதியோடு மலேரியாவும் சேர்ந்துதான் அங்கே நம்மவர்களைக் கொன்றது.

போருக்குப் பிறகு டிடிடி வந்தது. 1960களின் தொடக்கத்தில் முன்னோடித் திட்டம், 1967இல் தீபகற்ப மலேசியா முழுவதற்கும் மலேரியா ஒழிப்புத் திட்டம். சுவரில் மருந்தடித்தால் வெள்ளை வெள்ளையாய்ப் படிந்திருக்குமாம். அதன்மேல் சாமி படம் மாட்டப் பாட்டி யோசித்திருக்கிறார். 1961இல் நாட்டில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல் இருந்த நோயாளிகள் எண்ணிக்கை, அடுத்த அரை நூற்றாண்டில் சில ஆயிரமாகச் சுருங்கியது. 2018 முதல் மனிதருக்கு மனிதர் பரவும் உள்நாட்டு மலேரியா நம் நாட்டில் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. நம் சுகாதாரப் பணியாளர்கள் ஓசையில்லாமல் செய்த சாதனை இது. 1934-35இல் ஏறத்தாழ 80,000 பேரை மலேரியாவுக்குப் பலி கொடுத்த இலங்கை, 2016இல் மலேரியா இல்லாத நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. நமக்கு அந்தச் சான்றிதழ் அவ்வளவு எளிதில் கிடைக்கவில்லை. காரணம் குரங்கு!

சிரிக்க வேண்டாம். இதன் தொடக்கமும் பகாங்கில்தான். 1965இல் பகாங் காட்டில் வேலை செய்துவிட்டு நாடு திரும்பிய ஓர் அமெரிக்க நில அளவையாளருக்குக் காய்ச்சல் வந்தது. அவர் இரத்தத்தைப் பரிசோதித்தவர்கள் முதலில் வேறு வகை என்றே நினைத்தார்கள். அதைக் குரங்குக்குச் செலுத்திப் பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அதுவரை குரங்குகளிடம் மட்டும் இருப்பதாகக் கருதப்பட்ட பிளாஸ்மோடியம் நோலெசி அது. இயற்கையாக மனிதருக்கு அது தொற்றியதாக உறுதியான முதல் சம்பவம் இதுவே. அபூர்வ நிகழ்ச்சி என்று உலகம் மறந்துவிட்டது. 2004இல் மலேசிய சரவாக் பல்கலைக்கழகத்தின் பல்பீர் சிங் குழுவினர், காப்பிட் வட்டாரத்தில் மலேரியே வகை என்று எழுதப்பட்ட நோயாளிகளின் இரத்தத்தை மரபணு முறையில் ஆராய்ந்தார்கள். பலருக்கு இருந்தது நோலெசி. உருப்பெருக்கியில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், அதனால் வந்த குழப்பம். கோல லிப்பிஸ் பக்கம் இதைப் பரப்பும் கொசு எது என்று கண்டறிந்தவர்களில் நம் இந்திரா வைத்திலிங்கம் முக்கியமானவர்.

நோலெசியின் சுற்று 24 மணி நேரம்தான். நாளுக்கு நாள் பெருகும். ஆகவே தாமதம் ஆபத்து. கெரா என்கிற நீளவால் குரங்கு, தேங்காய் பறிக்கப் பழக்கும் பெரோக் ஆகிய இரண்டின் உடம்பிலும் இது இருக்கிறது. அவற்றுக்கு அதனால் பெரிய துன்பமில்லை. காட்டோரம் தோட்டம் போட்டு, குரங்கும் கொசுவும் மனிதனும் ஒரே இடத்தில் இருக்க நேர்ந்தால் நமக்கு வருகிறது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் சபா, சரவாக்கில், இதற்குச் சிகிச்சை பெறுகிறார்கள். உயிரிழப்பும் உண்டு. பழைய வாட்சன் கதைதான், சில வேறுபாடுகளுடன். நாம் நிலத்தைத் திறக்கும் விதம் எந்தக் கொசுவை நம் வாசலுக்கு அழைக்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது. உலகம் வெப்பமாகிவரும் இந்நாளில், 18 பாகைக் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் கேமரன் மலைக்காரர்கள் அந்தக் கோட்டைக் கொஞ்சம் கவனித்துக்கொள்வது நல்லது.

இன்று அங்கே கத்தரியும் இயந்திரமும் பிடித்துக் கொழுந்து வெட்டுபவர்களில் நம்மவர்கள் குறைவு. வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா என்று பல நாட்டவர் இருக்கிறார்கள். நாட்டுக்குள் வரும் தொழிலாளர்களுக்கு மருத்துவச் சோதனையில் மலேரியாவும் பார்க்கப்படுகிறது. சட்டப்படி வந்தவருக்கு அது நடக்கும். முகவர் காட்டு வழியாகக் கொண்டுவந்தவருக்கு? காய்ச்சல் வந்தால் பிடிபடுவோம் என்று பயந்து ஷெட்டில் படுத்துக் கிடப்பார். சென்ற பதிவின்போது தோட்டத்தில் ஓர் இளைஞர் அப்படிப் போர்த்திக்கொண்டு படுத்திருந்ததைப் பார்த்தேன். சளிக்காய்ச்சல்தான் என்று பிறகு தெரிந்தது. ஆனால் அருகில் இருந்தவர் சொன்னது, "இவனுங்க சுத்தமா இருக்க மாட்டானுங்க, அதான்." நூறாண்டுக்கு முன் நம் பாட்டன் பூட்டனைப் பார்த்துச் சொன்ன அதே வார்த்தை. சொன்னவர் நம்மவர்.

கடைசியாக ஒரு விவரம், இதை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். காட்டுப் பக்கம் போய்வந்து, மலையேறி, முகாமிட்டு, பழத்தோட்டத்தில் இரவு காவல் இருந்து, அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் கண்டால், மருத்துவரிடம் "காய்ச்சல்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "காட்டுக்குப் போயிருந்தேன்" என்றும் சொல்லுங்கள். இல்லையேல் அவர் டிங்கிக்கு மட்டும் சோதித்து அனுப்பிவிடக்கூடும். ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடியில் தடவி உருப்பெருக்கியில் பார்க்கும் சோதனை அது. அதற்கு உலகெங்கும் பயன்படும் சாயங்களில் ஒன்றை, ஃபீல்ட் சாயத்தை, கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் பணியாற்றிய ஜே. டபிள்யூ. ஃபீல்ட் 1940ஐ ஒட்டி உருவாக்கினார். நேரத்தோடு கண்டுபிடித்தால் நோலெசியை மாத்திரையாலேயே குணப்படுத்தலாம்.

பாட்டி இன்னமும் தண்ணீரை மூடித்தான் வைக்கிறார். ஏன் பாட்டி என்று கேட்டேன். "டிங்கி இருக்குல்ல, நீதானே சொன்னே" என்றார்.